எட்டு மணி நேரம் மிச்சம்

தென்காசி,
22.7.2025, செவ்வாய்க்கிழமை.

பெங்களூரில் பெரிய பொறுப்பில் இருக்கும் அன்பு மருமகன் நயினாருக்கு, தாய்மாமன் சிவசுப்பிரமணியன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை முத்துலட்சுமியும் நல்ல சுகம். ஸ்ரீதேவியும் சுகமாக இருப்பதாக அவள் அம்மா மூலமாகத் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் நேற்று முதல் என் மகள் என்னோடு பேசுவதில்லை. அங்கே நீங்களும் மனைவி மக்களும் உங்களோடு இருக்கும் என் அக்கா சங்கரம்மாளும் சுகமாக இருக்க வேண்டும். 'நீ' என்று எழுத வேண்டிய உறவு, 'நீங்கள்' என்று எழுத வைக்கும் பதவி. ஆகவே 'நீங்கள்' என்றே தொடங்குகிறேன். நடுவில் எங்காவது கோபத்தில் 'நீ' வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனிக்கு இங்கே வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் ஸ்ரீதேவிக்கு நேற்று உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் எல்லாரும் அனுப்ப வேண்டும் என்று நீங்கள் உத்தரவு போட்ட ஃபாரத்தில், 'ஏ.ஐ. மூலம் இந்த வாரம் மிச்சமான நேரம்' என்ற கட்டத்தில், கழித்தல் குறி போட்டு 11 மணி 40 நிமிடம் என்று அவள் பெயரில் வந்திருந்ததாம். கம்பெனியில் இதுவரை அந்தக் கட்டத்தில் கழித்தல் குறி விழுந்ததே கிடையாதாம். வருகிற திங்கட்கிழமை உங்கள் முன்னால் வீடியோவில் விளக்கம் சொல்ல வேண்டுமாம், விளக்கம் சரியில்லை என்றால் வேலையே சந்தேகமாம். மருமகனே, அந்தக் கழித்தல் குறியைப் போட்டது அவள் இல்லை. நான்தான்.

இது எப்படி நடந்தது என்றால், ஜூன் மாதம் நீங்கள் அந்த ஏ.ஐ.யை எல்லாருக்கும் கொடுத்தபோது இந்த வீட்டில் அதிகமாகச் சந்தோஷப்பட்ட ஆள் நான். பாதி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று உங்கள் வாயாலேயே போனில் சொன்னீர்கள். ஒன்பது மணிக்கு உட்காரும் பிள்ளை ஒரு மணிக்கு எழுந்துவிடும், சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு அப்பாவும் மகளும் ஐந்தருவிக்குப் போய்விடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். சீசனும் இந்த வருஷம் பழுதில்லை. எண்ணெய் தேய்க்கும் மாடக்கண்ணுவிடம்கூட தினமும் மூன்றரைக்கு என் முதுகுக்கு ஒரு இடம் வைக்கச் சொல்லிவிட்டேன். தினமும் மூன்று மணிக்குத் தோளில் துண்டோடு கதவருகே நிற்பேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"என்னட்டீ, இன்னும் முடியலியா?"

"முடிஞ்சிட்டுப்பா. பாக்கணும்."

"முடிஞ்சிட்டுன்னா எதுக்கு பாக்கணும்?"

"முடிஞ்சிட்டுன்னு அது சொல்லுது. முடிஞ்சிருக்கான்னு நான்லா பாக்கணும்."

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குக் கடற்கரை என்ற ஆள் ஞாபகத்துக்கு வந்துவிட்டான். குற்றாலத்தில் நான் லாட்ஜ் மேனேஜராக இருந்த முப்பத்தொரு வருஷத்தில் கடற்கரை மாதிரி மரியாதையான ரூம் சர்வீஸ் ஆளைப் பார்த்ததில்லை. ஐம்பது வயது, நெற்றி நிறையத் திருநீறு. பன்னிரண்டு ரூமும் சுத்தம் பண்ணியாச்சா என்று கேட்டு வாயை மூடுவதற்குள் "ஆச்சு அண்ணாச்சி" என்பான். மாடி ஏறிப் பார்த்தால் ஒன்பதாம் ரூமில் போன ஆளின் சோப்பு அப்படியே கிடக்கும். கூப்பிட்டுக் கேட்டால் கோபப்படவே மாட்டான். "நீங்க சொன்னதுதான் சரி அண்ணாச்சி, நாந்தான் கவனிக்கல, இப்பம் சரி பண்ணிருதேன்" என்று போய், அதே பெட்ஷீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவான். மறுபடி நான் மாடி ஏற வேண்டும். என் முழங்கால் போனது கடற்கரை வேலை பார்த்த அந்த ஒரு வருஷத்தில்தான். உங்கள் ஏ.ஐ.யும் ஸ்ரீதேவியிடம் அதே குரலில்தான் பேசுகிறது. தப்பைச் சுட்டிக்காட்டினால் முதல் வரியிலேயே அவள் சொன்னது முழுக்கச் சரி என்கிறது, இரண்டாவது வரியில் மன்னிப்பு, மூன்றாவது வரியில் பெட்ஷீட்டைத் திருப்பிப் போட்டுவிடுகிறது. இரண்டு நிமிஷத்தில் நானூறு வரி எழுதித் தள்ளுகிறது, வாஸ்தவம். அந்த நானூறு வரியையும் உட்கார்ந்து வாசிப்பது என் பிள்ளையின் முழங்கால்.

என்றாலும் ஆளைப் பார்க்காமல் பழி சொல்லக் கூடாது என்று, இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, அவள் தோழி மாஜிதா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், நானே வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் அதைச் சோதித்துப் பார்த்தேன். நான் வேலை பார்த்த லாட்ஜுக்கு ரூம் போடும் புரோகிராம் ஒன்று வேண்டும் என்று தமிழிலேயே கேட்டேன். ரூம் பட்டியலையும் கொடுத்தேன். நாற்பதே நிமிஷம் மருமகனே! பச்சை நிறத்தில் காலி ரூம், சிவப்பு நிறத்தில் ஆள் இருக்கும் ரூம், கூடவே எல்லாப் பரிசோதனையும் தேறிவிட்டதாக ஒரு சான்றிதழ். பரிசோதனையையும் அதுவேதான் எழுதிக்கொண்டது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் லாட்ஜ் முதலாளி பரீது அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன்.

"அண்ணாச்சி, எட்டாம் நம்பர் ரூம் எங்கன இருக்கு?"

"எட்டு ஏது நம்ம லாட்ஜ்ல?"

"அதத்தான் நானும் கேக்கேன். பதினோரு பேரு பெட்டியும் பிள்ளையுமா மாடில நிக்காவ. கம்ப்யூட்டர் எட்டாம் நம்பர் குடுத்திருக்குங்காவ. ஒரு பெரியம்மா ஒவ்வொரு கதவா தட்டிக்கிட்டு வருதா."

எங்கள் லாட்ஜில் ஏழுக்கு அப்புறம் ஏழு ஏ, அதற்கப்புறம் ஒன்பது. எட்டு என்று கதவில் இருந்தால் புதுசாகக் கல்யாணமான ஜோடி படியேறாது. பரீது அண்ணாச்சியின் வாப்பா லாட்ஜை வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. "நமக்கு அதுல நம்பிக்கை இல்ல, ஆனா வாற ஆளுக்கு இருக்குல்லா" என்று அவரும் மாற்றவில்லை. இந்த ஏ.ஐ. என்ன செய்திருக்கிறது தெரியுமா? பட்டியலில் எட்டாம் எண் விடுபட்டிருந்ததைக் கவனித்ததாகவும், முழுமை கருதி அன்போடு சேர்த்துவிட்டதாகவும் அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறது. நான் வாசிக்கவில்லை. அந்தப் பதினோரு பேரையும் ஆபீஸ் ரூமில் பாய் விரித்துப் படுக்க வைத்து, மறுநாள் மாடக்கண்ணுவிடம் எல்லாருக்கும் இலவச எண்ணெய்த் தேய்ப்பு வாங்கிக் கொடுத்துத்தான் பரீது அண்ணாச்சி சமாதானம் பண்ணினார். ஸ்ரீதேவி இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அதைச் சரி செய்தாள். "முதல்லயே என்கிட்ட சொல்லியிருந்தா ஒரே சாயங்காலத்துல நானே எழுதியிருப்பேனேப்பா" என்றாள்.

அந்த ஒரு சொல்தான் என்னைத் தூண்டிவிட்டது. மறுநாளே ஒரு லாட்ஜ் ரிஜிஸ்டரை எடுத்து அவள் அறை வாசலில் போட்டுவிட்டேன். ஒவ்வொரு வேலையும் தொடங்கும் முன்னால் "நீயா செஞ்சா எம்புட்டு நேரம்?" என்று கேட்டு இடது பக்கம் எழுதுவேன். ஏ.ஐ.யைக்கொண்டு செய்து முடித்து, சரிபார்த்து, அவள் பெருமூச்சு விட்ட நேரத்தை வலது பக்கம் எழுதுவேன். லாட்ஜில் செய்வது போலவே அவ்வப்போது உள்ளே போய் ஒரு பார்வை பார்த்து, 'மேனேஜர் ரவுண்ட்ஸ்' என்று அதற்கும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் குறித்துவிடுவேன். "அவ சோலிய அவ பாக்கா, உங்களுக்கு வேற சோலி இல்லியா?" என்று உங்கள் அத்தை சத்தம் போட்டாள். முப்பத்தொரு வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய கை, கேட்குமா? திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் கூட்டிப் பார்த்தால், இடது பக்கத்தைவிட வலது பக்கம் பதினோரு மணி நாற்பது நிமிடம் அதிகம். இதில் வேடிக்கை என்னவென்றால், வியாழக்கிழமை சாயங்காலம் அவளிடமே கேட்டேன். "இல்லப்பா, கொஞ்சம் சீக்கிரமாத்தான் முடியுது மாதிரி இருக்கு" என்றாள். ரிஜிஸ்டர் ஒன்று சொல்கிறது, மனசு ஒன்று சொல்கிறது.

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு, அம்மாவோடு சுரண்டைக்கு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டாள். பதினோரு மணிக்கு அங்கிருந்து போன் பண்ணினாள், பின்னால் மேளச் சத்தம். "அப்பா, லேப்டாப் திறந்துதான் இருக்கு. ஒரு ஃபாரம் நிரப்பி வச்சிருக்கேன், அனுப்ப மறந்துட்டேன். சப்மிட்ட மட்டும் அமுக்கிருங்க. வேற ஒண்ணையும் தொட்றாதீங்க." போய்ப் பார்த்தேன். கட்டத்தில் அவள் எழுதி வைத்திருந்தது: 8.

அதே எட்டு! இல்லாத ரூமுக்குப் பதினோரு பேரை ஏற்றிவிட்ட எட்டு. போன வாரங்களையும் தள்ளிப் பார்த்தேன், எல்லா வாரமும் எட்டு. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், உங்கள் ஆபீஸில் முக்கால்வாசிப் பேர் எட்டுதான் போடுகிறார்களாம். குறைத்துப் போட்டால் ஏன் என்று கேள்வி வரும், கூட்டிப் போட்டால் அப்படியென்றால் இன்னும் வேலை வாங்கிக்கொள் என்று வரும், எட்டு என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சமீர் என்று ஒரு தம்பி மட்டும் நாற்பது மணி நேர வாரத்தில் நாற்பதும் மிச்சம் என்று போட்டிருக்கிறாராம். அந்தத் தம்பியைத் தயவுசெய்து இங்கே அனுப்பி வையுங்கள். மூன்றரை மணிக்கு மாடக்கண்ணு சும்மாதான் இருக்கிறான்.

என் கையால் ஒரு பொய் எண்ணை ரிஜிஸ்டரில் ஏற்றி எனக்குப் பழக்கமில்லை. எட்டை எடுத்துவிட்டு, என் கணக்கில் இருந்ததைப் போட்டு, சப்மிட்டை அமுக்கினேன். நல்லது செய்த திருப்தியோடு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். நேற்று மெயிலைப் படித்துவிட்டு அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அழுதிருந்தால்கூடத் தேவலை. எனக்குப் பயமாக இருக்கிறது நயினார். நீ எட்டு எட்டாக வாங்கி அடுக்கி, இத்தனை பேரால் இத்தனை ஆயிரம் மணி மிச்சம் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்டுகிறாய். இருக்கட்டும். அந்த மிச்சமெல்லாம் எங்கே போகிறது? நீ பிள்ளைகள் தூங்கின பிறகுதான் வீட்டுக்கு வருகிறாய் என்று அக்கா போனில் குறைபட்டுக்கொள்கிறாளே, உனக்குமா மிச்சமாகவில்லை? தப்பு என்மேல், தண்டனை அவளுக்கு வேண்டாம். அந்த எண்ணை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள். ரிஜிஸ்டரில் நாங்கள் அழிப்பதில்லை. தப்பென்றால் சிவப்பு மையில் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், அவ்வளவுதான்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். திருக்குற்றாலநாதர் உங்கள் எல்லாருக்கும் சாரல் போலக் குளிர்ந்த மனசைக் கொடுக்கட்டும், முக்கியமாக வருகிற திங்கட்கிழமை காலையில்.

இப்படிக்கு,
குற்றம் செய்த மாமன்,
அ. சிவசுப்பிரமணியன்,
லாட்ஜ் மேனேஜர் (ஓய்வு).

பின்குறிப்பு, 25.7.2025, வெள்ளிக்கிழமை: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடப் போன நேரத்தில் ஸ்ரீதேவி எடுத்துப் படித்துவிட்டாள். நேரே போய் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு, ஏ.ஐ. கீ.ஐ. ஒன்றும் இல்லாமல், பேனாவும் தாளுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். பிறகு எனக்கு ஒரு பக்கத்தைக் காட்டினாள். அந்த நான்கு நாளில் 'மேனேஜர் ரவுண்ட்ஸ்' நாற்பத்து மூன்று தடவை. காப்பி கொண்டு வந்தது, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுவதாக அறிவித்தது, ஏ.ஐ. இப்போது என்ன சொல்கிறது என்று கேட்டது, கடற்கரை கதையை ஆறு தடவை சொன்னது. எல்லாம் சேர்த்து ஒன்பது மணி ஐம்பது நிமிடம். அத்தனையும் என் கையெழுத்து, மறுக்க வழியில்லை. ஆகவே மேலே அந்த இயந்திரத்தைப் பற்றி நான் சொன்னதில் ஒன்பது மணி ஐம்பது நிமிட அளவுக்கு வாபஸ். சிவப்புக் கோடு போட்டுச் சுருக்கொப்பம் வைத்துவிட்டேன். மீதி ஒரு மணி ஐம்பது நிமிடம் அதன் பாடு. அது கழித்தல்தான், அதில் அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இதுவரை எழுதின எட்டெல்லாம் பொய், இதுதான் நிஜம் என்று திங்கட்கிழமை உங்களிடம் தன் வாயாலேயே சொல்வாளாம்.

புதன்கிழமை முதல் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். நான் திண்டாடிப்போனேன். நேற்று இரண்டே முக்காலுக்குக் கதவைத் திறந்து வந்து, "துண்டு எங்கப்பா?" என்றாள். பேசிவிட்டாள் மருமகனே. ஐந்தருவிக்குப் போனால், வெள்ளம் அதிகம், குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டியிருந்தது. சாரலில் நனைந்துகொண்டு ஆளுக்கு ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பினோம்.

இன்றைக்கு ஃபாரத்தை என்னையே நிரப்பச் சொன்னாள். மிச்சமான நேரம் இரண்டு மணி என்று எழுதினேன். 'எந்தக் கருவியால் மிச்சமானது' என்று பக்கத்தில் இன்னொரு கட்டம் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். அதில் 'தாழ்ப்பாள்' என்று எழுதியிருக்கிறேன். ஸ்ரீதேவி பார்த்துவிட்டுத்தான் சப்மிட்டை அமுக்கினாள்.