சிவப்புக் கயிறும் வெள்ளைக் கயிறும்

திருவில்லிபுத்தூர்ச் சந்தைக்குப் பக்கத்துச் சத்திரத்தில் கயிற்றுச் சாமியார் வந்து இறங்கியதிலிருந்து, மலையடிவாரம் முழுக்க நோயாளியாகிவிட்டது. வத்திராயிருப்பிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். மம்சாபுரத்திலிருந்து சேவலும் அரிசியும் சுமந்து நடந்து வந்தார்கள். சாமியார் நோயாளியைப் பார்க்க மாட்டார். பார்த்தால் தவம் கெட்டுவிடுமாம்! நோயாளி திரைக்குப் பின்னால். மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனை சாமியார் கையில். ஆணுக்கு வெள்ளைக் கயிறு, பெண்ணுக்குச் சிவப்பு. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பதைக்கூட நிறம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஞானி!

ராஜபாளையத்தில் பஞ்சு மில் வேலைக்குப் போகும் முத்துப்பேச்சிக்கு நாலு வருடமாக உடம்பெல்லாம் வலி. தொட்ட இடமெல்லாம் நோகும். விடிய விடியத் தூங்கினாலும் களைப்புத் தீராது. வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆகவே வலியும் இல்லை என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. நடிக்கிறாள் என்றாள் மாமியார். பேய் பிடித்திருக்கிறது என்றான் புருஷன் கண்ணுச்சாமி. அவனுக்கும் இடுப்பு வலி உண்டு. அது மட்டும் உழைத்த வலி. இரண்டு வலியையும் காட்ட இருவரும் சேர்ந்தே சத்திரத்துக்கு வந்திருந்தார்கள்.

முன்னால் போன சேத்தூர்ப் பெண் அலறிக்கொண்டே வெளியே வந்தாள். கெண்டைக்காலில் மூன்று சூடு. முத்துப்பேச்சி சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். விரல் பட்டாலே துடிக்கிற உடம்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியா?

காலையிலிருந்து அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆண்கள் அத்தனை பேருக்கும் தைலம். பெண்கள் அத்தனை பேருக்கும் பேய். திரைக்குள் போனதும் புருஷனிடம் சொன்னாள்:

"இந்தாருங்க, சிவப்பை நீங்க கட்டுங்க. வெள்ளையை எனக்குத் தாங்க."

"ஏட்டி, சாமி குத்தமாயிரும்!"

"எல்லாம் தெரிஞ்ச சாமிக்கு இது தெரியாதா? இல்ல, உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இல்லை என்று எந்தப் பக்தன் சொல்வான்? கட்டிக்கொண்டான்.

சாமியார் வெள்ளைக் கயிற்றைக் காதில் வைத்தார். "உழைச்ச உடம்பு. தைலம் தேய்ச்சு பத்து நாள் படுத்திரு." சிவப்பைப் பிடித்ததும் உடம்பை உலுக்கினார். "கெணத்துல விழுந்து செத்த கன்னிப்பொண்ணு! இவ கருப்பையைச் சுத்திக்கிட்டு எறங்க மாட்டேங்கா! கம்பியைக் கொண்டாங்க!"

முத்துப்பேச்சி திரையை இழுத்தாள். கையில் சிவப்புக் கயிறும் முகத்தில் முறுக்கு மீசையுமாகக் கண்ணுச்சாமி உட்கார்ந்திருந்தான்.

"ஏலே கண்ணுச்சாமி, எத்தனை மாசம்லே?" என்றான் கூட்டத்தில் ஒருவன். சத்திரமே சிரித்தது.

சாமியார் லேசுப்பட்டவரா? "பேய் பொஞ்சாதிகிட்ட இருந்து புருசன் மேல தாவிருச்சு!" என்றார்.

"அப்பச் சரி சாமி. சூட்டை அவியளுக்கே போடுங்க" என்றாள் முத்துப்பேச்சி.

கம்பி பக்கத்தில் வந்ததுதான் தாமதம், கண்ணுச்சாமியின் பக்தி பறந்துவிட்டது. "ஏலே கள்ளப்பயலே! பேயாவது பிசாசாவது!" என்று பாய்ந்தான். சாமியார் கயிறுகளைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறமாக ஓடினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் கண்ணுச்சாமி சாமியாரைத் திட்டிக்கொண்டே வந்தான். முத்துப்பேச்சி நின்றாள்.

"கயிறு பேசும்னு எவனோ சொன்னதை ஒடனே நம்புனிய. வலிக்கு, வலிக்குன்னு நாலு வருசமா நான் சொன்னேனே, அதை ஏன் நம்பலை?"

கண்ணுச்சாமி மணிக்கட்டில் இன்னும் கிடந்த சிவப்புக் கயிற்றை அவிழ்த்தான்.

கண்ணால் காணாத பேயைச் சாட்சியில்லாமல் நம்புகிற மகாஜனங்களே! வாய் திறந்து வலிக்கிறது என்கிற மனுஷியிடம் மட்டும் சாட்சி கேட்கிறீர்களே, ஏன் என்று ஒரு தடவையாவது யோசித்துப் பாருங்கள்.