மச்ச மாமி சொன்ன பலன்

மும்பை செம்பூரில் காலை ரயில் பிடிக்கிற ஜனத்திரளில், ஒருவரையும் முகத்தை வைத்து அடையாளம் தெரியாத ஒரே பிறவி எங்கள் மச்ச மாமிதான். பல வருஷம் என்னோடு ஒரே பில்டிங்கில் குடியிருந்தார். லிஃப்டில் எதிரே நின்றால் யாரோ எவரோ என்று பார்ப்பார். நான் திரும்பி நின்றதும், "அட, நீயாடி!" என்பார். என் பின்கழுத்தில் ஒரு மச்சம் உண்டு.

மாமிக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. தோல் புற்றுநோய் செல்களைத் தட்டில் வளர்த்து, அவை எப்படிப் பெருகுகின்றன, எப்படி உடம்பில் ஓரிடம் விட்டு இன்னோரிடம் போகின்றன என்று பார்ப்பதுதான் பிழைப்பு. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு லேபுக்கு ஓடுவார். "நான் போகலேன்னா அதுகளுக்கு யாரு சாப்பாடு போடுவா?" என்பார்.

ரயிலில் லேடீஸ் டப்பாவில் அவரோடு போவது ஆபத்து. ஒருநாள் ஒரு மராட்டிப் பெண்ணின் கழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு, "க்யா தேக் ரஹீ ஹோ?" என்று கத்த, பெட்டியே திரும்பிப் பார்த்தது. மாமி அசரவில்லை. உன் சங்கிலி எனக்கெதற்கு, அந்த மச்சத்தின் ஓரம் ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன் என்று இந்தியில் விளக்கினார். குர்லா வருவதற்குள் நாலைந்து பேர் அவரிடம் கையையும் முதுகையும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதை பில்டிங்குக்கு வந்து சேர்வதற்குள், மாமி மச்ச பலன் சொல்கிறார் என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்ணைப் பெற்றவர்கள் வாசலில் நின்றார்கள்.

"மாமி, இவளுக்குக் கன்னத்துல மச்சம். நல்ல இடமா அமையுமா?"

"இது சமத்து மச்சம். செல்லுக்குள்ள வளரச் சொல்ற சுவிட்ச் ஆன்லயே மாட்டிண்டுடுத்து. கொஞ்சம் பெருகித்து. அப்புறம் ப்ரேக் பிடிச்சு நின்னுடுத்து. ப்ரேக் இருக்கற வரைக்கும் பயமில்லே."

"அது சரி, மாப்பிள்ளை?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்லே."

பலன் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். மச்சத்தை யோகம் என்று கொண்டாடித்தான் ஜனங்கள் டாக்டரிடம் போகாமல் சாகிறார்கள் என்று பொரிந்து தள்ளுவார். சத்தியமாகச் சொல்கிறேன், பில்டிங்கில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது.

கீழே மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். கடைக்குள் செருப்புப் போடமாட்டார். அவருடைய இடது உள்ளங்காலில் ஒரு மச்சம் வந்தது. அங்கே மச்சம் இருந்தால் கடல் கடக்கும் யோகம் என்று நம்மில் யாருக்குத் தெரியாது? சொல்லிவைத்தாற்போல் மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் டிக்கெட் எடுத்து அனுப்பினான். அன்றிலிருந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டினார்.

ஒரு சாயங்காலம் நானும் மாமியும் துவரம்பருப்பு வாங்கப் போனோம்.

"பாத்தியளா மாமி? போன வருசம் மொளகு அளவு இருந்துச்சு. பொறவு கொண்டக்கடல. இப்ப பாருங்க, புளியங்கொட்ட! யோகம் கூடிக்கிட்டே வருது. அடுத்த வாரம் மஸ்கட்டு!"

மாமி பையைக் கீழே போட்டார். வெங்காயச் சருகுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அவர் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி பதறிப்போனார்.

"ஐயையோ, பெரியவுக என் காலத் தொடுதியளே!"

"அசையாம இருங்கோ. நீ டார்ச் அடிடி."

செல்போன் வெளிச்சத்தில் நானும் பார்த்தேன். ஒரு பக்கம் கன்னங்கரேல், இன்னொரு பக்கம் பழுப்பு. ஓரமெல்லாம் மை கசிந்த மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, பயணம் கிளம்பப்போறது நீங்க இல்லே. இது. கேன்சர் மாதிரி இருக்கு."

"வெயில்ல கெடக்கவனுக்குல்லா அதெல்லாம் வரும்? நான் கடைக்குள்ளயே கெடக்கேன்."

"நம்ம நெறத்துக்கு அது பெரும்பாலும் வெயிலைத் தேடாது. உள்ளங்கால், நகத்தடின்னு யாரும் பார்க்காத இடமாப் பார்த்து உக்காரும்."

அப்புறம் மாமி தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினார். தோலுக்கு நிறம் தரும் செல்கள், நாம் கருவில் இருக்கும்போதே முதுகுப் பக்கத்திலிருந்து நடந்து வந்து குடியேறியவை. பக்கத்துச் செல்களின் கையைப் பிடித்துக்கொண்டு அடங்கிக் கிடக்கும். சுவிட்ச் மாட்டிக்கொண்டு ப்ரேக்கும் போய்விட்டால், ஒருநாள் பிடித்த கையை விட்டுவிடும். பழைய நடை ஞாபகம் வந்துவிடும். தோலுக்கு அடியில் இறங்கி, தொடையிடுக்கு, நுரையீரல் என்று கிளம்பிவிடும்.

"மருந்து இல்லையா மாமி?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா மெகாபிளாக்னு ரயிலை நிறுத்தற அன்னிக்கு நாம பஸ் பிடிச்சுப் போகலியா? ஒரு வழியை அடைச்சா அதுவும் வேற வழி கண்டுபிடிச்சுடும். கிளம்பறதுக்கு முன்னாடி பிடிக்கணும்டி."

அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. "யாவாரம் பண்ற எடத்துல அபசகுனமாப் பேசாதிய மாமி. மூணு மாசந்தான? போயிட்டு வந்து பாத்துக்கிடுதேன்."

மாமி எழுந்திருக்கவில்லை. காலையும் விடவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணை மூடிக்கொண்டு, நான் கேட்டறியாத ஒரு குரலில் ஆரம்பித்தார்.

"யோகம் இருக்கு அண்ணாச்சி. ஆனா அரை யோகம். இந்த மச்சத்தோட கடல் தாண்டினா போன காரியம் பாதியில நிக்கும். எடுத்துட்டுப் போனாத்தான் பூரணம்."

அண்ணாச்சி மூட்டையிலிருந்து இறங்கிவிட்டார். "நெசமாவா மாமி?"

"என் வாக்குப் பொய்க்காது."

மறுநாள் கடை திறக்கவில்லை. மனுஷர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். இதை நான் லிஃப்டில் சொன்னபோது மாமி சந்தோஷப்படவில்லை. "முப்பது வருஷமா படிச்சதையெல்லாம் சொன்னேன், கேக்கலை. வாய்க்கு வந்ததை உளறினேன், ஓடறார்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது.

அது மாமி பயந்த அதே புற்றுநோய்தான். ஆனால் ஆழமாக இறங்கவில்லை, எங்கும் கிளம்பவும் இல்லை. சுற்றியுள்ள தோலோடு வெட்டியெடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். சில மாதம் கழித்து, லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தபடி அண்ணாச்சி மஸ்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தவர் பேரீச்சம்பழப் பெட்டியோடு பில்டிங் முழுக்க ஏறி இறங்கினார். "மாமி வாக்கு பலிச்சிட்டுல்லா!"

அப்புறம் கேட்கவேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கேட் வரை நின்றது. மாமி தோல்வியை ஒப்புக்கொண்டு, சந்தேகப்படும் மச்சங்களுக்கு மட்டும் பரிகாரம் சொல்லத் தொடங்கினார். எல்லாருக்கும் ஒரே பரிகாரம், தோல் டாக்டர்.

இப்போது ரிட்டையராகி, குர்லாவுக்கு அடுத்த ஸ்டேஷனான சுனாபட்டியில் தங்கையோடு இருக்கிறார். எப்போதாவது இந்த ரயிலில் ஏறுவார் என்று கேள்வி. தினமும் சுனாபட்டி வருவதற்கு முன்னால், அத்தனை நெரிசலிலும் கையை மேலே எடுத்து, என் தலைமுடியைத் தூக்கிக் கொண்டையாக முடிந்துகொள்கிறேன். மாமி ஏறினால் என்னைக் கண்டுபிடிக்க வேண்டாமா?