தந்தி மாமாவின் இரும்புக் கம்பம்

திருகோணமலையில் வாயைத் திறக்காமலே ஒரு ஒழுங்கையின் அத்தனை வீட்டாரையும் வெளியே வரவழைக்கக்கூடியவர் ஒருவர்தான்: எங்கள் பக்கத்து வீட்டுத் தந்தி மாமா.

ரயில் நிலையத்தில் தந்தியடித்து ஓய்வு பெற்றவர். விரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. "ஏன் மாமா ஸ்டேஷனுகளுக்கு மொட்டைப் பேர்?" என்று கேட்டால் போதும், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"அந்தக் காலத்தில ஒவ்வொரு எழுத்தாத் தட்டித்தான் அனுப்ப வேணும் பிள்ளை. இங்கிலீசில திருகோணமலையின்ட முழுப்பேரையும் தட்டி முடிக்க முதல் ரயில் வந்து நிண்டிடும். அதுதான் டி.சி.ஓ. எண்டு சுருக்கினவங்கள்."

எங்களையும் சுருக்கினார். வீட்டுக்கொரு தட்டுச் சத்தம், அதுதான் அந்த வீட்டின் 'கோட்'. மீன்காரர் வந்தால் மாமா ஒழுங்கை முகப்பு இரும்புக் கம்பத்தில் குடைக்காம்பால் தட்டுவார். எங்கள் வீட்டுக்கு டொக் டொக், கொஞ்சம் பொறுத்து டொக்.

ஒருநாள், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று அந்தக் கம்பத்தில் கொம்பை உரசியது. நாலு வீட்டுக்காரர் சட்டியோடு ஓடிவந்தார்கள், அம்மா முதலாவது. மாமாவுக்கு மானில்தான் கோபம். "பிழையான கோட் அடிக்கிறியோ? ரெண்டு ரயில் முட்டியிருக்கும், தெரியுமோ!"

நாங்கள் கொழும்புக்குப் போனபின் எங்கள் வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்கள் எங்கள் தட்டைக் கேட்டார்களாம். "அது குடுக்க ஏலாது. அந்த ஆக்கள் திரும்பி வருவினம்" என்று மாமா அவர்களுக்குப் புதிதாக ஒன்று கொடுத்திருக்கிறார். கேள்விப்பட்ட நாளிலிருந்து, கொழும்பில் வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் அந்தக் கம்பத்துக்காக ஏங்கினேன்.

போன மாதம் ஊருக்குப் போனேன். மாமா என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீங்கள் ஆர்?" என்றார்.

"ஒருத்தரையும் ஆரெண்டு மட்டுக்கட்டுறாரில்லை. சில நேரம் என்னையும்தான். குறைநினையாதை பிள்ளை" என்று மாமி குசினிக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். இவருக்கே என்னைத் தெரியவில்லையென்றால், இந்த ஊரில் எனக்கு வேறு யார்?

மாமா குடையோடு வெளியே போவது தெரிந்தது. சற்றைக்குள் கேட்டது: டொக் டொக்... டொக்.

"உங்கட வீட்டுத் தட்டு. ஒவ்வொரு பின்னேரமும் தட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டு நிப்பார்" என்றார் மாமி.

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். கம்பத்தடியில் மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்ததும் மாமாவின் முகம் கோபத்தில் சிவந்துவிட்டது.

"இப்பதான் வாறியோ பிள்ளை? மீன்காரர் எப்பவோ போயிட்டார்!"

அவ்வளவு அன்பாக என்னை ஒருவரும் திட்டியதில்லை.