மேகம் பார்க்கும் பதவி

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ், நிறுவன வள மேலாளர் என்று ஒருவர் இல்லாமலே முப்பத்தோரு ஆண்டுகள் நடந்துவந்தது. எப்படி நடந்தது என்பதற்கு இன்று யாரிடமும் விளக்கம் இல்லை. குச்சி வந்தது, காய்ந்தது, மருந்து ஏறியது, பெட்டிக்குள் போனது, லாரியில் போனது. உரசினால் பற்றியது. இவ்வளவும் தற்செயலாக நடந்தவை என்பதைப் பின்னால் வந்த மேலாளர் எடுத்துக்காட்டினார்.

உரிமையாளர் பூவனலிங்கம் அண்ணாச்சி இந்தக் குறையை உணர்ந்தது ஒரு கல்யாண வரவேற்பில். தொழிலில் அவருக்குச் சமமான மூன்று பேர் தங்கள் வள மேலாளர்களைக் கூட்டிவந்திருந்தார்கள். மேலாளர்களின் கழுத்தில் அட்டை தொங்கியது. சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை. இலையில் ரசம் விழுந்தபோது முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சிக்குப் பக்கத்தில் அவருடைய சம்சாரம் மட்டும் உட்கார்ந்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை பாலகணேஷ் நியமிக்கப்பட்டார்.

"ஒரு நிறுவனத்தில் இருப்பதெல்லாம் வளம். சிஸ்டத்தில் ஏறாத வளம், இல்லாத வளம்" என்று அவர் முதல் கூட்டத்தில் சொன்னார். பிறகு எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தார். இயந்திரங்கள், பசைச் சட்டிகள், பெண்கள், வாசல் வேம்பு, அதன் அடியில் தூங்கும் காவலாளி. அவசரத்தில் வேம்பின் எண் காவலாளிக்கும் காவலாளியின் எண் வேம்புக்கும் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இருவருடைய பணியும் திருப்திகரம் என்றே சிஸ்டம் காட்டியது.

சிக்கல் வெள்ளைத்தாயிடம் வந்தது.

"உங்க வேலை என்னம்மா?"

"மானத்தைப் பாக்கேன் சார்."

"வேற?"

"களத்துல காயுத குச்சியக் கிண்டிவிடுவேன். அது சும்மா, கை சும்மா இருக்கக் கூடாதுன்னு. வேலைன்னா மானத்தைப் பாக்கதுதான்."

"பார்த்து?"

"மேகம் தெரண்டா சத்தங்கொடுப்பேன்."

"திரளலைன்னா?"

"எதுக்கு சார் கத்தணும்?"

"ஒரு நாளைக்கு எத்தனை சத்தம்?"

"மழைக்காலத்துல ஒண்ணு ரெண்டு இருக்கும். வெயில் காலத்துல மாசத்துக்கு ஒண்ணு வந்தாப் பெருசு."

சராசரியாக நாளொன்றுக்குக் கால் சத்தம் என்று பாலகணேஷ் குறித்துக்கொண்டார்.

வெள்ளைத்தாய்க்கு ஐம்பத்துநான்கு வயது. கிட்டத்தில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது. கையில் பிடித்த குச்சி இரண்டாகத் தெரியும். அதனால் பெட்டி அடைக்கவோ, மருந்தில் முக்குவதற்குக் குச்சியைக் கட்டையில் அடுக்கவோ அவளால் ஆகாது. ஆனால் கழுகுமலைப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மேகம் எழும்பினால் சொல்லிவிடுவாள். "ஏட்டி, வாங்கட்டி!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் அறுபது பெண்களும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் களத்துக்கு ஓடுவார்கள். அண்ணாச்சியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு குச்சி நனைந்ததில்லை.

அந்தப் பத்தொன்பது ஆண்டுகள்தான் அவளுக்கு எதிரான சான்று ஆயின.

"பத்தொன்பது வருஷத்தில் நனைந்த சம்பவம் பூஜ்யம்" என்றார் பாலகணேஷ். "நடக்கவே நடக்காத ஒன்றைத் தடுக்க ஒரு ஆள் எதற்கு அண்ணாச்சி?"

"அவ தடுத்ததாலதானய்யா நடக்கல."

"அதற்குப் பதிவு இருக்கா?"

அண்ணாச்சி யோசித்தார். நடக்காததை யாரும் எழுதிவைத்திருக்கவில்லை.

மாதக் கடைசியில் வெள்ளைத்தாய் "விடுவிக்கப்படும் வளம்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதை எட்ட நின்று அவளே படித்தாள். "இந்த ஆபீஸ விட்டா எனக்கு எங்கன வேலை தருவாவ? ஊருக்குள்ள மானம் பாக்க ஆள் கேட்டு எவன் போர்டு வச்சிருக்கான்?" என்று ஃபோர்மேன் திருப்பதியிடம் அழுதாள். திருப்பதி போய்ப் பேசினார். ஒரு மாதம் சோதனைக் காலம் வழங்கப்பட்டது. இனி சத்தம் கூடாது. மேகம் வந்தால் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரேமாவிடம் சொல்லிப் பதிய வேண்டும். சிஸ்டம் அனுமதித்த பிறகே பெண்கள் இடத்தைவிட்டு எழலாம். முன்னால் எழுந்தால் ஒரு மதிப்பெண் குறையும்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி மதியம் மூன்று மணிக்கு மேகம் வந்தது.

"பிரேமா, போடுட்டி. மேக்க கருக்கலா இருக்கு."

"இருங்க சித்தி. அனுப்புறவர் பேரு கேக்குது."

"யாரு அனுப்புவா? வருணபகவான்னு போடு."

"ஜிஎஸ்டி நம்பர் இல்லாம ஏற மாட்டேங்குது."

"ஏ தாயி, காத்து மாறிட்டுட்டி!"

பாலகணேஷ் வந்து அந்த இடத்தில் ஒன்பதுகளாக நிரப்பச் சொன்னார். சிஸ்டம் ஏற்றுக்கொண்டது. அடுத்து, பொருள் வந்து சேர்ந்துவிட்டதா என்று கேட்டது.

"இன்னும் வரல சார்."

"அப்போ வந்த பிறகுதான் பதிய முடியும்."

வந்தது. பாலகணேஷ் வாசலுக்குப் போய்த் தரப்பரிசோதனைக்காகக் கையை நீட்டினார். கை நனைந்தது. அறுபது பெண்களும் எழுந்து நிற்காமல், உட்காராமல், இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுமதி அவருக்கும் அதில்தான் வரும். வெள்ளைத்தாய் மட்டும் தார்ப்பாயை ஒரு முனையில் பிடித்து இழுத்தாள். மறுமுனையைக் காற்று பிடித்துக்கொண்டது.

அனுமதி நான்கு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. பெண்கள் ஒழுங்காக ஓடினார்கள். களத்தில் பன்னிரண்டு மூட்டைக் குச்சி மிதந்துகொண்டிருந்தது. வெயில் அடித்தது.

மறுநாள் வெள்ளைத்தாய் கணக்கு முடிக்கத் தயாராக, தூக்குவாளியைத் துணிப்பையில் போட்டு வந்தாள். பாலகணேஷ் எழுந்து நின்று அவள் கையைக் குலுக்கினார்.

"வாழ்த்துகள். உங்க பதவியின் அவசியம் நிரூபணம் ஆகிவிட்டது. நனைந்த சம்பவம் ஒன்று பதிவாகியிருக்கு. இனி இது நிரந்தர இடம்."

"நெசமாவா சார்?"

"ஆனா அவசியம் தொடரணும். மாதம் ஒரு சம்பவமாவது பதிவாகலைன்னா சிஸ்டம் தானாகவே இந்த இடத்தை மூடிடும்."

மே மாதம் சொட்டு விழவில்லை. முப்பதாம் தேதி வரை வானம் கழுவித் துடைத்த தட்டுப் போல இருந்தது. வெள்ளைத்தாய் சோறு இறங்காமல் களத்தோரம் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துப் பெண்களுக்கும் வேலை ஓடவில்லை. அண்ணாச்சிக்கும் மனசு கேட்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதி காலையில் தண்ணீர் லாரி ஒன்று வரவழைத்தார்.

"கழிச்ச குச்சியில ஊத்துனாப் போதாதா அண்ணாச்சி?" என்று திருப்பதி கேட்டார்.

"கழிச்ச குச்சிய சிஸ்டம் குச்சின்னே எண்ணாதாம்ப்பா. நல்லதாப் பாத்து ஊத்து."

தெருவில் எட்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரியைக் கண்டதும் குடங்கள் கூடின. காவலாளி விழித்துக்கொண்டு கேட்டை அடைத்தார். "இது குடிதண்ணி இல்லம்மா, மழை. ஆபீஸ் மழை. போங்க, போங்க."

உள்ளே பதிவு முடிந்து அனுமதி வந்ததும் அறுபது பெண்களும் லாரியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்துகொண்டு களத்துக்கு ஓடினார்கள். அண்ணாச்சி முதல் வாளியை ஊற்றினார். வெள்ளைத்தாய் கும்பிட்டாள், கண்ணீர் வந்தது. பக்கத்தில் நின்ற பாலகணேஷ், இத்தனை ஒத்துழைப்பைத் தான் படித்த புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை என்றார்.

ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே பொன்மணி என்ற பெண் கேட்டாள்.

"சித்தி, மாசாமாசம் இப்படிச் சொமக்கணுமா? இடுப்பு போச்சு."

"எதுக்குட்டி சொமக்க? ஐப்பசி கார்த்திகை வரட்டும். தன்னால மழை பெய்யும்."

"மழை வந்தா நீங்க சொல்லிருவீகளே."

வெள்ளைத்தாய் மேற்கே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"இனி எதுக்குச் சொல்லுதேன்?"

எல்லோருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது.