பெருநாளை நம்பிக் காட்டுக்குப் போன ஷிகாரி

வாசகப் பெருமக்களே, உங்களைச் சாட்சியாக நிறுத்தியே தொடங்குகிறேன். எத்தனையோ வேட்டைக்காரர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் ஓர் ஈயைக்கூட அடிக்காமல், துபாய் சத்வாவின் இரண்டாம் மாடி அறையில் நின்றபடியே அரேபியக் காடுகள் அனைத்தையும் கலங்கடித்த வேட்டைக்காரர் ஒருவரே உண்டு. மறுப்போர் எழுந்து நிற்கலாம்; நான் காத்திருக்கிறேன். 'நின்றபடியே' என்பதை மட்டும் நானே திருத்திக்கொள்கிறேன். அவர் நின்றதே இல்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டே உண்பார், நடந்துகொண்டே பல் துலக்குவார், படுத்தபின் கால்கள் மட்டும் நடக்கும். மேல்கட்டிலில் படுத்த நான் இரவெல்லாம் கப்பலில் பயணித்தேன்.

திருநெல்வேலிக்காரரான அவருக்கு அல் கூஸில், உறைய வைத்த இறைச்சியும் மீனும் அடுக்கும் குளிர்க்கிடங்கு ஒன்றில் வேலை. ஆடு, மாடு, முயல், காடை, சுறா என அவர் கையாளாத உயிரினம் இல்லை. அவற்றுள் ஒன்றுகூட உயிரோடு இருந்ததில்லை என்பதே அவருடைய ஆறாத குறை.

"கெழவனாயிட்டேம்ல. ஒரு மிருகமாவது என்னயத் திரும்பிப் பாத்திருக்கா? எல்லாம் அட்டப்பெட்டிக்குள்ள கண்ண மூடிக் கெடக்கு" என்பார்.

இந்தக் குறையைத் தீர்க்கும் தலமாக அவர் தேர்ந்தெடுத்தது ஓமான் நாட்டுச் சலாலா. உடன் வேலை பார்த்த ஓட்டுநர் ஒருவர் முன்பொரு பெருநாள் விடுமுறையில் அங்கே சென்று, மூடுபனி சூழ்ந்த பச்சை மலைகளின் படங்களைக் காட்டிவிட்டார். அன்றே திட்டம் பிறந்தது. வேட்டை, மீன்பிடிப்பு, விலங்குகளைக் காணல் என முப்பெரும் திட்டம். ஆண்டுதோறும் ஹஜ்ஜுப் பெருநாள் வரும். அந்த வாரத்தில்தான் கிடங்கில் இறைச்சி மலையாகக் குவியும். விடுமுறை 'மாஃபி' என்று மேலாளர் கைவிரிப்பார். திட்டம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கொழுத்தது.

பயிற்சியில் குறை வைத்தாரா? இல்லை. தூண்டிலை மாடத்திலிருந்து வீசிப் பழகினார். முள் கீழ்த்தளத்துத் தையற்கடை வாசலில் தொங்கிய புதுக் குர்தாவைக் கவ்வி மேலே கொணர்ந்தது. கடைக்காரரான பாகிஸ்தானிப் பெரியவர் அண்ணாந்து பார்த்து, "அரே ஷிகாரி பாய்! மச்லி மில் கயீ?" என்று கேட்டார். வேட்டைக்காரரே, மீன் கிடைத்ததா என்று பொருள். அன்றிலிருந்து தெருவுக்கே அவர் ஷிகாரி. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே சற்று யோசிப்பார்.

வேட்டைத் தீர்மானத்தை மட்டும் நான் முழுமூச்சோடு எதிர்த்தேன். "அண்ணே, அந்நாட்டில் அனுமதியின்றி வேட்டையாடுவது குற்றம். தங்களிடம் துப்பாக்கியும் இல்லை. ஆயுதமும் அனுமதியும் அற்ற ஒரு செயலுக்கு வேட்டை என்று பெயர் சூட்டுவது முறையா?"

"ஏல, மைக்க அணச்சிட்டுப் பேசு. சுடவா போறோம்? ஒரு கவட்டையப் பைக்குள்ள வச்சிக்கிட்டா நடையே மாறும்ல!"

எங்கள் அறையின் மூன்றாமவர் குகன். யாழ்ப்பாணத்தார், கணக்காளர், எங்களுக்குள் கார் உடையவர் அவர் ஒருவரே. "அண்ணை, உங்கட கவட்டையை எல்லையில பிடிச்சால் நான் உங்களைத் தெரியாதெண்டுதான் சொல்லுவன், இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார். அத்துடன் கவட்டை என்னும் அந்த உண்டிவில் அறையிலேயே தங்கிவிட்டது.

இவ்வாண்டு நிலைமை வேறு. ஷிகாரி வேலையை விட்டு நிரந்தரமாக ஊர் திரும்பவிருந்தார். கிடங்குக்குப் புது ஆள் வந்துவிட்டதால், விசா ரத்தாகும் முன் அவருக்கு முதன்முறையாகப் பெருநாள் விடுமுறை கிடைத்தது. அதுவே கடைசி விடுமுறையும்கூட. இப்போது காணாவிட்டால் எப்போதும் இல்லை.

பாலைவனச் சாலையின் நீளம் முழுவதும் அவர் காருக்குள் உட்காரவில்லை, கொதித்தார். கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். தொலைநோக்கியால் மணலைத் துழாவினார். "யல்லா குகா, மிதி! மிருகமெல்லாம் தூங்கப் போயிரும்!"

"அண்ணை, உது ஒட்டகம் எழும்பி நிக்கிற ரோட்டு. மிதிச்சால் நாங்கள்தான் தூங்கிப்போவம்."

சலாலா வந்தது. மலையும் வந்தது. பச்சை வரவில்லை.

கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வறுத்த கடலையின் நிறம். இலையற்ற மரங்கள் கைவிரித்து நின்றன. தேநீர்க்கடை மலையாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "மழை தொடங்கியில்ல சேட்டா. ரெண்டாழ்ச்ச, ரெண்டு வாரம் கழிஞ்சு வரணும்."

"பெருநாள் வந்துட்டுல்லா? பெருநாளுக்குப் பச்சையா இருக்கணுமே!"

பிழை அப்போதுதான் விளங்கிற்று. பெருநாள் பிறையைப் பார்த்து நடப்பது. ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினோரு நாள்கள் முன்னே நழுவி வரும். மழையோ கடலைப் பார்த்து நடப்பது. தன் காலத்தில்தான் வரும். ஓட்டுநர் சென்ற ஆண்டில் இரண்டும் கைகோத்திருந்தன. அதன்பின் பெருநாள் முந்திக்கொண்டது. ஷிகாரி மட்டும் அதன் கையை விடவே இல்லை.

அவர் விறுவிறுவென மலைமேல் ஏறினார். நாங்கள் மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தோம். உச்சியை நெருங்கும்போது சட்டென நின்றார். எதிரே ஒரு பாறை. அதன்மேல் முயலைவிடச் சற்றுப் பருத்த, வாலற்ற, பழுப்பு நிறப் பிராணி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அரபியர் அதை 'வபர்' என்பர்.

"அண்ணை, உது பெரிய எலி" என்றார் குகன் மெல்ல.

யானைக்கு நெருங்கிய உறவு அது என்று விளக்க வாய் திறந்தேன். ஷிகாரி கையை உயர்த்தினார், மூடிக்கொண்டேன். அந்தப் பிராணி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அவசரமின்றி, அச்சமின்றி, நேருக்கு நேராகப் பார்த்தது. அவருடைய கால்கள் அசையவில்லை. கைகள் அசையவில்லை. தொலைநோக்கி கழுத்தில் சும்மா தொங்கியது. அது பாறையிடுக்கில் மறைந்தபின்னும் நெடுநேரம் அப்படியே நின்றார்.

"பாத்துட்டுல்லா?" என்றார் இறுதியில். "என்னயப் பாத்துட்டு."

இன்று அவர் கட்டிலில் புதிதாக வந்த ஒருவர் மரக்கட்டையாக உறங்குகிறார். கட்டில் ஆடுவதில்லை; எனக்குத்தான் உறக்கம் பிடிப்பதில்லை.

ஊருக்குப் புறப்பட்ட நாளில், விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைக் கடந்து போனவர், பெட்டியை நடுவழியில் விட்டுவிட்டுத் திரும்ப ஓடிவந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்க உரத்த குரலில் சொன்னார்:

"ஏல, மழ விழுந்ததும் ஒரு போனப் போடுங்க! விசிட் விசாவுல வாரேன். நீங்க ரெண்டு பேரும் இல்லாம அந்த மலயில கால் வைக்க மாட்டேன், சத்தியமா!"