இருபத்தாறு டிகிரி ஷரத்து

நோட்டீஸைப் படித்து முடித்தபோது வக்கீலின் அறையில் ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் வேர்த்தது.

'இருபத்தாறு டிகிரிக்குக் கீழே ஏசி ஓட்டியதாகப் புகார் வந்திருப்பதால், பதினைந்து நாளில் அறையைக் காலி செய்யவும்.'

கோர்ட்டுக்கு நேர் எதிரே இருக்கும் அறை. இருபத்திரண்டு வருஷமாக அவர் ராஜ்யம் நடத்தும் இடம். இதை விட்டால் கட்சிக்காரர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வழக்கே முடிந்துவிடும்.

"எவன் எழுதின ஷரத்து இது?"

"நீங்கதான் சார்," என்றார் டைப்பிஸ்ட் அம்மா, ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டபடி.

உண்மைதான். பூமி கொதிக்கிறது, வக்கீல்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா என்று சங்கக் கூட்டத்தில் முழங்கியவரே இவர்தான். ஊரில் எழுதும் ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் இந்த ஷரத்து இருக்க வேண்டும். கட்டடத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் புகார் செய்யலாம். மீறியவருக்காக எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது. நூற்று நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஓட்டையே இல்லாத ஷரத்து என்று பாராட்டு விழா வேறு எடுத்தார்கள்.

வக்கீலான மைத்துனருக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, எனக்காக ஒரே ஒரு தடவை ஆஜராகேன்."

"நானும் கையெழுத்துப் போட்டிருக்கேனே மாமா. நீங்கதானே பேனாவைக் கையில திணிச்சீங்க!"

"சரி, நானே வாதாடிக்கிறேன்."

"எந்த வக்கீலும்னு எழுதியிருக்கீங்க. நீங்களும் வக்கீல்தானே?"

வக்கீல் அசரவில்லை.

"எழுதிக்கோங்கம்மா. இந்த அறை ஏசி ஆறு மாசமா ரிப்பேர். ஓடவே இல்ல."

சொன்னதற்குத் தோதாக ஏசியை அணைத்தார். ஜன்னலைத் திறந்தார். கறுப்புக் கோட்டோடு, முகமெல்லாம் வேர்த்து வழிய நின்றவரை கோர்ட் வாசலில் இருந்த அத்தனை வக்கீல்களும் பார்த்தார்கள். சங்கச் செயலாளர் படியேறி ஓடிவந்தார்.

"தலைவரே, புல்லரிக்குது! ஏசியே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா? நேத்து சாயங்காலம்கூட இங்க ஜில்லுன்னு உட்கார்ந்து பேசினோமே! ஒரே நாள்ல இப்படி ஒரு தியாகமா?"

"நேத்தா? அது வந்து..."

"அடக்கமா இருக்காதீங்க. நேத்து ஓடினது, இன்னைக்கு நிறுத்தினது, எல்லாத்தையும் அப்படியே சங்கத் தீர்மானத்துல ஏத்திடறேன். கோடை முடியற வரைக்கும் எங்களுக்கு இந்த ஜன்னல்தான் வழிகாட்டி!"

கீழே கைதட்டல் கிளம்பியது. வக்கீல் கையசைத்தார். வேறு என்னதான் செய்வார்?

செயலாளர் போனதும் நாற்காலியில் சாய்ந்தார். ஆறு மாதப் பொய்க்கு இப்போது சங்க முத்திரையோடு எதிர்ச்சாட்சி. இருந்தாலும் நம்பிக்கை போகவில்லை.

"புகார் குடுத்தது யாரு? வீட்டுக்காரரா, மாடியில இருக்கிற ஆடிட்டரா? எவனா இருந்தாலும் சரி, என் பதிலைப் படிச்சா வாயடைச்சுப் போயிடுவான். டைப் பண்ணியாச்சாம்மா?"

"பண்ணிட்டேன் சார். அதுக்கு என்னோட மறுப்பையும் சேர்த்து டைப் பண்ணிட்டேன், ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுடட்டுமா?"