வாசமில்லாத குச்சாய்

கலும்பாங்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய சம்பந்தி கணேஸ்வரன் அவர்களுக்கு, சுப்பிரமணியம் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். தங்கள் வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்கிறேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. போன வாரம் என் வீட்டில் நீங்கள் சாப்பிட்டது குச்சாய் இல்லை. செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் ஓரம் காட்டுக் குச்சாய் தானாக முளைத்துக் கிடக்கும். வெங்காய இனம், பார்வைக்குப் புல், கிள்ளினால் பூண்டு வாசம். லோரி ஓட்டிய முப்பது வருடமும் அதை முட்டையோடு வதக்கித் தின்றவன் நான். முதன்முதலாகச் சம்பந்தி வருகிறாரே, என் கையால் சமைப்போம் என்று, புஷ்பா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் பறிக்கப் போனேன். பக்கத்திலேயே மழைக்குப் பூக்கும் லில்லி, அதே மாதிரி இலை, அன்று பூவும் இல்லை. மோந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அங்கேதான் வினை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலோடு என் மூக்குக்கு வாசம் போய்விட்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்று நான் பறித்து வந்தது அந்த விஷ லில்லியின் இலையை.

"வாசமே இல்லையே சம்பந்தி?" என்று கேட்டீர்கள். "காட்டுக் குச்சாய் அப்படித்தான் லா" என்றேன். மரியாதைக்காக மறுபடியும் போட்டுக்கொண்டீர்கள். அரை மணியில் வாந்தி. கிளினிக்கில் நீங்கள் உள்ளே படுத்திருக்க, டாக்டர் பிரேமினி மிச்ச இலையைக் கசக்கி என்னிடம் நீட்டினார்.

"அங்கிள், என்ன வாசம் வருது?"

"பூண்டு வாசம்மா."

கண்ணை மூடச் சொல்லி, ஸ்பிரிட் பாட்டிலை மூக்கருகே காட்டினார். "இது?"

"இதுவும் பூண்டுதான்."

பக்கத்தில் நின்ற புஷ்பா அந்தப் பாட்டிலை வாங்கி மூடி வைத்தாள்.

சோறு போட்டுவிட்டு அவள் என் முகத்தையே பார்ப்பாள், சம்பந்தி. "என்ன வாசம்!" என்பேன். அவள் முகம் மலரும். அதைக் கெடுப்பானேன் என்றுதான் மறைத்தேன். அந்தப் பொய் உங்கள் தட்டுவரை வரும் என்று நினைக்கவில்லை. இதை வைத்து உங்கள் வீட்டில் என் மகள் தனேஸ்வரியை யாரும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டாம். தப்பு முழுதும் என்னுடையது.

உங்கள் வீட்டில் எல்லாரும் பசித்துச் சாப்பிட்டு, சாப்பிட்டது வயிற்றில் தங்கி, பல்லாண்டு வாழ வேண்டுகிறேன்.

அன்புடன்,
சுப்பிரமணியம்

பி.கு.: அண்ணே, புஷ்பா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தாரு, படிச்சிட்டேன். இவருக்கு மூக்கு போனது எனக்கு அப்பவே தெரியும். தீய்ஞ்ச பருப்ப "கமகமன்னு இருக்கு"ன்னு வழிச்சுச் சாப்பிட்டாரு. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல அதுக்கு முன்னால ஒரு நாள்கூட என் சமையல நல்லா இருக்குன்னு சொன்னதில்லண்ணே. அதான் தெரிஞ்சும் நான் கேட்கல. பாதித் தப்பு என்னோடது.